நிலா வளர்ந்தாளா, வளர்க்கப்பட்டாளா?

டிஸ்டோப்பியன் நாவல்னு சொன்ன உடனே நம்ம காலேஜ்ல முக்கால்வாசி பேருக்கு ஞாபகம் வர்றது 'தி ஹங்கர் கேம்ஸ்' காட்னிஸ்தான். அடுத்தது 'டைவர்ஜென்ட்' டிரிஸ். பதினாறு வயசுப் பொண்ணு, கொடுமையான அரசாங்கம், நடுவுல கொஞ்சம் காதல், கடைசியில புரட்சி. நானும் ஒன்பதாவது படிக்கும்போது இதையெல்லாம் இங்கிலீஷ்ல முழுங்கித் தீர்த்த ஆள்தான். இங்கிலீஷ் மீடியம் வேற. தமிழ்ப் பாடப்புத்தகத்தைத் தாண்டி ஒரு தமிழ் நாவலை முதல் பக்கத்துல இருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சதே காலேஜ் வந்த அப்புறம்தான். அது சுஜாதாவோட 'என் இனிய இயந்திரா'.

இதை ஒரு டிஸ்டோப்பியன் நாவல்னு நம்மகிட்ட யாரும் சொல்றதே இல்ல. 'ரோபோ நாய்க் கதை'ன்னுதான் சொல்றாங்க. 1980-கள்ல ஆனந்த விகடன்ல தொடரா வந்தது, அப்புறம் தூர்தர்ஷன்லயும் வந்தது. எங்க சித்தப்பா தலைமுறையைக் கேட்டா ஜீனோன்னு அந்த நாய் பேரை மட்டும் சொல்லுவாங்க. நிலா யாருன்னு கேட்டா யோசிப்பாங்க. எனக்கு அதுலதான் வருத்தம். இளம் கதாநாயகி ஒருத்தி இந்த மாதிரி ஒரு நாட்டுல எப்படி வளர்றா, எப்படி மாறறாங்கறதுக்கு காட்னிஸை விட நிலாதான் நேர்மையான உதாரணம்னு நான் நினைக்கறேன். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வாதம்தான். (ஸ்பாய்லர் வரும். நாவல் வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, மன்னிச்சுக்கோங்க.)

படிக்காதவங்களுக்கு கதைச் சுருக்கம். நாம இப்ப வாழ்ந்துட்டு இருக்கற இதே 2020-கள்தான் காலம். ஜீவான்னு ஒரு சர்வாதிகாரி நாட்டை ஆள்றான். எல்லாருக்கும் ரெண்டெழுத்துப் பேர்தான். நிலா, சிபி, ரவி, மனோ, எல்லாமே ரெண்டு. (என் பேர் ஆறு எழுத்து. அங்க போனா நாலு எழுத்தை வாசல்லயே கழட்டி வெச்சுட்டுப் போகணும்.) குழந்தை பெத்துக்க அரசாங்கம் அனுமதி தரணும். நிலாவும் அவ புருஷன் சிபியும் அந்த அனுமதிக்காகக் காத்திருந்த சாதாரண ஜோடி. அவங்க வீட்டுல இன்னொருத்தனுக்கும் இடம் கொடுக்கணும்னு ஆர்டர் வருது. ரவின்னு ஒருத்தன் வர்றான், கூடவே பேசற இயந்திர நாய் ஜீனோ. கொஞ்ச நேரத்துலயே சிபி காணாம போயிடறான். நிலா தேட ஆரம்பிக்கறா.

நிலா மேல நம்ம வாசகர் வட்டத்துல ஒரு பெரிய புகார் உண்டு. போன செமஸ்டர் சனிக்கிழமை மீட்டிங்ல இந்த நாவலை எடுத்தப்ப, சிவில் டிபார்ட்மெண்ட் ஜூனியர் ஒருத்தி எழுந்து, "அக்கா, இவ ஒண்ணுமே பண்ணல. அழறா, பயப்படறா, நாய்கிட்ட கேக்கறா. மூளை வேலை முழுக்க நாய்தான் பாக்குது"ன்னு சொன்னா. பாதி ஹால் கை தட்டுச்சு.

புகார்ல நியாயம் இருக்கு, மறுக்க மாட்டேன். ஜீனோ புத்தகம் படிக்குது, கிண்டலடிக்குது, வழி கண்டுபிடிக்குது. நிலா பின்னாடியே போறா. அதோட, ஒரு பொண்ணா இதைப் படிக்கும்போது இன்னொண்ணும் உறுத்தும். சுஜாதா நிலாவோட மூளையை வர்ணிக்கறதை விட அவ எப்படி இருக்கா, என்ன உடுத்தியிருக்காங்கறதை வர்ணிக்க எடுத்துக்கற நேரம் ஜாஸ்தி. வாராவாரம் தொடர்கதை எழுதின காலத்துப் பழக்கம்னு சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு இஷ்டமில்ல. அது குறைதான்.

ஆனா "ஒண்ணுமே பண்ணல"ங்கறதை மட்டும் ஏத்துக்க முடியாது. கதை ஆரம்பிக்கும்போது நிலா யாரு? அந்த நாட்டுல எந்தக் கோளாறையும் பார்க்காதவ. அனுமதி வாங்கித்தான் குழந்தை பெத்துக்கணுங்கறது அவளுக்கு மழை வெயில் மாதிரி இயற்கையான விஷயம். அவ பிறந்ததுல இருந்து அப்படித்தான். காட்னிஸ் அப்படி இல்ல. கதையோட முதல் பக்கத்துலயே அவளுக்குப் பசி தெரியும், வேலியைத் தாண்டி வேட்டைக்குப் போகத் தெரியும், கேபிடல் அயோக்கியத்தனம்னு தெரியும். அவ ஏற்கனவே பாதி புரட்சிக்காரி. மூணு புத்தகத்துல அவளோட கோபம் பெருசாகுது, குறி பார்க்கறது தெளிவாகுது. டிரிஸ் இன்னும் ஒரு படி. ஓடற ரயில்ல இருந்து குதிக்கறா, சண்டை கத்துக்கறா. ஜிம்ல சேர்ந்து உடம்பை ஏத்தற மாதிரி தைரியம் ஏறுது. அதுவும் வளர்ச்சிதான். ஆனா அது நம்மள்ல எத்தனை பேருக்குப் பொருந்தும்? நாம பெரும்பாலும் நிலாதான். எது தப்புன்னே தெரியாம, நமக்குக் கொடுத்த ஃபார்மை ஒழுங்கா ஃபில் பண்ணிட்டு வரிசையில நிக்கற ஆளுங்க.

அந்த மாதிரி ஒரு ஆள் மாறணும்னா எங்க இருந்து மாற்றம் தொடங்கும்? சுஜாதா ஒரு பிரசங்கமும் வைக்கல. நிலாவுக்கு யாரும் சுதந்திரம்னா என்னன்னு பாடம் எடுக்கல. அவ புருஷன் காணோம், அவ்வளவுதான். ஒரே ஒரு சொந்தக் கேள்வி. அந்தக் கேள்வியை விடாம பிடிச்சிட்டுப் போனதுல வீட்டை விட்டு வெளிய வர்றா, யாரை நம்பலாம் யாரை நம்பக் கூடாதுன்னு முதல் தடவையா யோசிக்கறா, ஜீவாவைக் கொல்லணும்னு ரவியும் மனோவும் போடற திட்டத்துக்குள்ள போய் நிக்கறா. புருஷனைத் தேடிக் கிளம்பினவ ஆட்சியைக் கவிழ்க்கற கூட்டத்துல இருக்கா. இதுல எந்தத் தாவலும் இல்ல. ஒவ்வொரு அடியும் முந்தின அடியில இருந்து வருது. அதனாலதான் எனக்கு நம்ப முடியுது.

அப்புறம் அந்தத் திருப்பம். ஜீவான்னு ஒரு மனுஷனே கிடையாது. அது ஹோலோகிராம், ஒளியால செஞ்ச உருவம். நாடே பயந்து கும்பிட்ட ஆள் ஒரு ப்ரொஜெக்ஷன். சரி, சர்வாதிகாரம் முடிஞ்சது, சுபம் போடலாம்னு பார்த்தா, அங்கதான் விவகாரம் ஆரம்பிக்குது. ரவியும் மனோவும் நிலாவை ராணியாக்கி நாற்காலியில உட்கார வெக்கறாங்க. மக்கள் பார்க்கறது நிலாவோட முகம். பின்னாடி ஆள்றது அவங்க ரெண்டு பேரும். இரண்டாவது பாகமான 'மீண்டும் ஜீனோ' முழுக்க இந்தப் பொம்மை ராணியோட கதைதான்.

யோசிச்சுப் பாருங்க. ஒளியில செஞ்ச பொம்மையை எடுத்துட்டு ரத்தமும் சதையுமா ஒரு பொம்மையை வெச்சாங்க. தொழில்நுட்பம் மாறிச்சு, ஏற்பாடு மாறல. ஹோலோகிராமை விட நிலா மலிவு, கரண்ட் கூட வேணாம்.

நான் தலைப்புல கேட்ட கேள்வி இங்கதான் வருது. அது வரைக்கும் நிலா வளர்ந்தது அவளே வளர்ந்ததா, இல்ல ஒரு வேலைக்காக ரவியும் மனோவும் வளர்த்ததா? அவளுக்கு உதவி பண்ணினவங்க, ஒளிச்சு வெச்சவங்க, விஷயம் சொல்லிக் கொடுத்தவங்க எல்லாருக்கும் அவ தேவைப்பட்டா. தைரியம் வந்துச்சு, உலகம் புரிஞ்சுது, எல்லாம் சரி. ஆனா அந்தத் தைரியத்தை யாரோ ஒரு திட்டத்துக்காகத் தண்ணி ஊத்தி வளர்த்திருக்காங்கன்னு தெரியும்போது அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? எதிரியை அடையாளம் கண்டுபிடிக்கறது ஈசி. நல்லது பண்ணின ஆளையே சந்தேகப்படக் கத்துக்கறதுதான் கஷ்டம். நிலா நிஜமா பெரியவளாகறது அந்த நாற்காலியிலதான். அழுதுட்டே கூட இருக்கட்டுமே.

ஹங்கர் கேம்ஸ் ரசிகர்கள் இப்ப கையைத் தூக்குவீங்க. ஆமா, காட்னிஸுக்கும் இது நடக்குது. 'மாக்கிங்ஜே'ல புரட்சித் தலைவி காயின், பழைய ஜனாதிபதி ஸ்னோ மாதிரியே ஆகப்போறான்னு காட்னிஸ் புரிஞ்சுக்கறா. ஸ்னோ மேல விட வேண்டிய அம்பைக் காயின் மேல விடறா. அட்டகாசமான இடம், எனக்கும் பிடிக்கும். அந்தப் புத்தகம் வந்தது 2010. கிட்டத்தட்ட அதே விஷயத்தை இருபது வருஷத்துக்கும் முன்னாடி தமிழ்ல ஒருத்தர் வாரப் பத்திரிகையில எழுதிட்டார்ங்கறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், காட்னிஸ் ஒரு அம்புல தீர்த்துட்டு ஒதுங்கிடறா. நிலாவால ஒதுங்க முடியாது. நாற்காலியில உட்கார்ந்துகிட்டே, எழுதிக் கொடுத்ததைப் படிச்சுகிட்டே, தன் குரல் எதுன்னு தேடணும். ஆர்வெல் நாவல்ல வர்ற வின்ஸ்டனுக்கு வயசு 39, அவர் உடைஞ்சே போயிடறார். 'தி கிவர்' ஜோனாஸ் 12 வயசுல ஊரை விட்டே ஓடிடறான். சுடறது, உடையறது, ஓடறது தவிர நாலாவதா ஒரு வழியை யோசிச்ச நாவல் எனக்குத் தெரிஞ்சு இதுதான்.

இந்தக் 'குரல் யாரோடது'ங்கற விஷயம் எனக்கு ஏன் இவ்வளவு முக்கியமாப் படுதுன்னா, நான் வர்ற ஊர் அப்படி. தவளக்குப்பத்துல பஸ் இறங்கி கிழக்கால போனா நல்லவாடு, அதுக்கப்புறம் கடல்தான். புதுச்சேரியில மீனவ கிராமம். எங்க ஊர்ல எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு தகவல் மையம் வெச்சிருந்தாங்க. கம்ப்யூட்டர்ல அலை எவ்வளவு உயரம், காத்து எப்படின்னு பார்த்து, ஊர் முழுக்க ஸ்பீக்கர்ல சொல்லுவாங்க. கடலுக்குப் போறவங்க கேட்டுட்டுப் போவாங்க. பேசறது ஒரு இடம், கேக்கறது ஊரு. ஒரு கோணத்துல பார்த்தா ஜீவா நாட்டு ஏற்பாடு மாதிரியே இருக்கும்.

2004 டிசம்பர் 26 காலையில சிங்கப்பூர்ல வேலை பார்த்துட்டு இருந்த எங்க ஊர்க்காரர் ஒருத்தர் சுனாமிச் செய்தியைக் கேட்டுட்டு வீட்டுக்குப் போன் பண்ணினார். அவர் தங்கச்சி எடுத்து, கடல் தண்ணி வீட்டுப் பக்கம் வருதுன்னு சொன்னாங்க. ஓடு, எல்லார்கிட்டயும் சொல்லுன்னு அவர் சொல்லியிருக்கார். ஊர்ல சிலர் போய் அந்த மையத்தோட கதவை உடைச்சு உள்ள போய் ஸ்பீக்கர்ல அறிவிச்சாங்க. வெளிநாட்டுல இருந்த இன்னொருத்தரும் போன் பண்ணி அதையே சொன்னார். சைரனும் ஊதினாங்க. 3,600 பேருக்கு மேல இருந்த ஊர்ல ஒரு உயிர் போகல. 150 வீடு, 200 படகு கிட்ட போச்சு. நான் அப்ப கைக்குழந்தை. "உன்னைத் தோள்ல போட்டுக்கிட்டு எந்தத் தெசைன்னு கூட பாக்காம ஓடுனேண்டி"ன்னு ஆயா இன்னமும் சொல்லும். "கதவ ஒடச்ச பசங்க அன்னிக்கு யாருகிட்ட பர்மிசன் கேட்டாங்க?"ன்னும் சொல்லும்.

இந்தச் சம்பவத்தைப் பத்தி எழுதறவங்க பெரும்பாலும் தொழில்நுட்பத்தைப் பாராட்டுவாங்க. ஸ்பீக்கர் இருந்துச்சு, போன் இருந்துச்சு, தப்பிச்சாங்கன்னு. எனக்கு அந்தக் கதவுதான் பெருசாத் தெரியுது. அது வரைக்கும் ஸ்பீக்கர்ல வர்றதைக் கேட்டுட்டு இருந்த ஆளுங்க அன்னிக்குப் போய் அதுல பேசினாங்க. சாவி வர்ற வரைக்கும் காத்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சாலே வயித்தைக் கலக்குது. ஜீவா நாட்டுலயும் திரை இருந்துச்சு, எங்க ஊரைவிட நூறு மடங்கு நல்ல திரை. ஆனா மக்கள் அதைத் திருப்பிப் பேசப் பயன்படுத்த முடியாது. பிறகு நிலாவுக்கு அந்தத் திரையில முகம் கிடைச்சது, பேச்சு கிடைக்கல.

இப்ப நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பைத் திறந்து பாருங்க. கீழ என்ன எழுதியிருக்கு? அட்மின் மட்டும்தான் மெசேஜ் அனுப்ப முடியும். எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ்ல (எதுன்னு சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் ப்ராஜெக்ட் வைவா பாக்கி இருக்கு) எக்ஸாம் ஃபீஸ் கட்டறதுக்கான கடைசித் தேதி அந்த மாதிரி ஒரு குரூப்ல தப்பா வந்துச்சு. அறுபது பேர் பார்த்தோம். சர்க்குலர்ல வேற தேதி இருக்குன்னு பத்து பேருக்காவது தெரிஞ்சிருக்கும். குரூப்ல யாராலயும் ஒரு வரி போட முடியல. நாலு பேர் ஃபைன் கட்டினாங்க. உயிர் போற விஷயம் இல்ல, தெரியும். ஆனா ஏற்பாடு எதுன்னு கவனிங்க.

அந்த குரூப்ல அட்மினா இருக்கற சி.ஆர். பாவம், அவதான் நம்ம நிலா. நாம ஓட்டுப் போட்டு வந்தவ இல்ல, மார்க்கையும் அட்டெண்டன்ஸையும் பார்த்து மேல இருந்து வெச்சவ. நம்ம சார்பா மீட்டிங் போவா. அங்க சொன்னதை இங்க ஃபார்வர்டு பண்ணுவா. இங்க சொல்றதை அங்க கொண்டுபோனா அவளுக்குத்தான் திட்டு. பொறுப்பு வந்தா ஆளுமை வளரும்னு சொல்லித்தான் அந்தப் பதவியைக் கொடுக்கறாங்க. ரெஸ்யூம்ல 'லீடர்ஷிப்'னு ஒரு வரி சேரும். மாணவர் தேர்தலை எப்படி நடத்தணும்னு லிங்டோ கமிட்டி சொன்ன பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006-லயே ஏத்துக்கிச்சு. நம்ம பேட்ச்ல அந்தப் பேரைக் கேள்விப்பட்டவங்க எத்தனை பேர்னு கேட்டுப் பாருங்க.

காலேஜை விடுங்க. எங்க ஊர்ப் பக்கம் கொம்யூன் பஞ்சாயத்துன்னு ஒண்ணு இருக்கு. புதுச்சேரியில உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்தது, அடுத்து 2006-ல. அதுல ஜெயிச்சவங்க பதவிக்காலம் 2011-ல முடிஞ்சது. நான் இதை எழுதற வரைக்கும் அடுத்த தேர்தல் வரல. தெரு விளக்கு, குடிதண்ணி, குப்பை எல்லாத்துக்கும் ஆபீஸ் இருக்கு, ஆபீசர் இருக்காங்க, வேலையும் ஏதோ நடக்குது. நாங்க தேர்ந்தெடுத்த கவுன்சிலர்தான் இல்ல. எனக்கு 21 வயசு. சட்டசபைக்கும் பார்லிமெண்டுக்கும் ஓட்டு உண்டு, என் தெருவுக்கு ஓட்டு இல்ல. இதுல கொடுமை என்னன்னா, இந்த நாவலைப் படிக்கற வரைக்கும் இது எனக்கு விநோதமாவே படல. குழந்தைக்கு அனுமதி வாங்கறது நிலாவுக்கு எப்படி இருந்துச்சோ அப்படித்தான் எனக்கும் இது இருந்துச்சு.

புதுச்சேரி ஜீவா நாடுன்னு நான் சொல்ல வரல, அப்படிச் சொன்னா அபத்தம். இந்தக் கட்டுரையை எழுதி என் பேரோட போட முடியுது, யாரும் வந்து என்னைத் தூக்கிட்டுப் போகப் போறதில்ல. ஆனா டிஸ்டோப்பியன் கதாநாயகின்னா கையில வில்லோட, கண்ணுல நெருப்போட வருவான்னு நினைச்சுகிட்டே இருந்தா, நிலா மாதிரி மெதுவா, சந்தேகத்தோட, சொந்தக் கேள்வியில இருந்து ஊர்க் கேள்விக்கு நகர்ற வளர்ச்சியை நாம வளர்ச்சின்னே கணக்குல எடுக்க மாட்டோம். அந்த சிவில் ஜூனியர்கிட்ட நான் அன்னிக்குச் சொல்ல நினைச்சது இதுதான். மீட்டிங் டைம் முடிஞ்சு போச்சு, ஹாலைப் பூட்ட ஆள் வந்துட்டார்.

நம்ம ஈ.சி.ஈ. மக்களுக்கு ஒரு தகவல். சுஜாதாங்கற எஸ்.ரங்கராஜன் குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில படிச்ச எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ்ல வேலை பார்த்தவர். நம்ம ஓட்டு இயந்திரத்தை உருவாக்கின வேலையில அவருக்குப் பெரிய பங்கு உண்டு. பகல்ல ஓட்டுப் போடற மிஷின், ராத்திரி ஓட்டே இல்லாத நாட்டைப் பத்தின தொடர்கதைன்னு கற்பனை பண்ணிப் பார்க்க எனக்குப் பிடிச்சிருக்கு. இயந்திரத்தை 'இனிய'ன்னு கூப்பிட அவருக்கு உரிமை இருந்துச்சு. அதே நேரம் ஒரு சர்க்யூட் எதுக்கெல்லாம் பயன்படும்னு தெரிஞ்ச ஆள்தான் ஜீவாவை ஹோலோகிராமா எழுத முடியும். நாமளும் இன்னும் ஆறு மாசத்துல எங்கேயோ போய் யாருக்கோ ஆப் எழுதப் போறோம். யார் பேசலாம், யார் கேக்க மட்டும் செய்யலாம்னு முடிவு பண்ற அந்த ஒரு வரி கோடை நம்மள்ல யாரோ ஒருத்தர்தான் அடிக்கப் போறோம்.

'மீண்டும் ஜீனோ' முடிவை நான் சொல்லல, வேணும்னேதான். நம்ம லைப்ரரி தமிழ் ரேக்ல ரெண்டு பாகமும் இருக்கு. முதல் பாகம் பைண்டிங் பிரிஞ்சு போற அளவுக்குக் கைமாறியிருக்கு, ரெண்டாவது இன்னும் புதுசு மாதிரியே இருக்கு. அதை எடுத்துப் படிச்சுட்டு, நிலா கடைசியில தன் குரல்லதான் பேசினாளா இல்ல அப்பவும் நாய் சொன்னதைத்தான் பேசினாளான்னு சண்டைக்கு வாங்க. சனிக்கிழமை நாலு மணி, அதே ஹால்.